12 அடி தூண்டில் ராட்ட (மீன் பிடிக்கிற கம்ப) கார்ல எப்படி கொண்டு போறீங்க? பின்னாடி பசங்க உக்காருவாங்க

செங்காங்_அப்பா:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதுறேன்.

எங்கிட்ட ஒரு 12 அடி ராட் இருக்கு. கரையில நின்னு தூரமா வீசுற ராட், ரெண்டு துண்டு, ஒவ்வொரு துண்டும் 6 அடி, டேப் வச்சு அளந்தா 183 செமீ வருது. எங்க அப்பாவோடது. அவரு வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு நம்ம சிங்கப்பூர் பிடோக் ஜெட்டிக்கு, கடலுக்குள்ள நீளுற அந்த பாலத்துக்குப் போனா சனிக்கிழமை காலையிலதான் வீட்டுக்கு வருவாரு, பையில ஒண்ணு ரெண்டு மீன் இருக்கும், சில நாள் ஒண்ணும் இருக்காது, ஆனா மூஞ்சி மட்டும் எப்பவும் தெளிவா இருக்கும். அப்ப அவருகிட்ட லாரி இருந்துச்சு, ராட்ட பின்னாடி படுக்க வச்சு கயிறு கட்டிட்டுப் போயிடுவாரு, நீளம் ஒரு பிரச்சினையாவே தெரியல. அவரு தவறி நாலு வருஷம் ஆச்சு, ராட் வீட்டுக்குள்ள இருக்குற பாம் ஷெல்டர் (பாதுகாப்பு அறை) மூலையில நின்னுக்கிட்டே இருந்துச்சு. போன மாசம் பெரியவன், 8 வயசு, தாத்தா ராட்ல மீன் பிடிக்கலாமாப்பானு கேட்டான். எனக்கு தொண்டைய அடைச்சிருச்சு, சரிடா போலாம்னு சொல்லிட்டேன்.

எங்க கார் பழைய ஹோண்டா ஜாஸ். ரெண்டு துண்டையும் பூட்ல இருந்து முன் சீட்டு ரெண்டுக்கும் நடுவுல விட்டு டேஷ்போர்டு பக்கம் சாய்ச்சு வச்சேன், பின்னாடி ரெண்டு பசங்களும் பூஸ்டர் சீட்ல. ராட் ஆடி ஆடி முன் கதவு பக்கம் சாஞ்சிருக்கு, நான் பாக்கல, வீட்டம்மா ஏறி கதவ சாத்துனாங்க, டக்குனு ஒரு சத்தம். நுனியில ரெண்டு விரக்கடை நீளம் போச்சு. அவங்க மேல தப்பே இல்ல, அப்படி வச்சது நான்தான். அன்னிக்கு ஜெட்டிக்குப் போகல, பையன் ஒண்ணும் பேசாம கீழ பாத்துக்கிட்டே இருந்தான்.

இப்ப எனக்குத் தெரிய வேண்டியது, பசங்க உக்காந்திருக்கும்போது இவ்ளோ நீள ராட்ட எங்க வைக்கிறது, கூரை மேல ரேக் போட்டா சரியா வருமா, அப்புறம் அந்த ஒடைஞ்ச நுனிய சரி பண்ண முடியுமா இல்ல ராட்டே போச்சா. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மரீன்பரேட்_அங்கிள்:

தம்பி, முதல்ல நல்ல சேதி. ராட் போகல. நுனியில ரெண்டு விரக்கடைங்கிறது 12 அடி ராட்டுக்கு ஒண்ணுமே இல்ல, டிப், அதாவது நுனி வளையம், அத மட்டும் புதுசா மாத்துனா போதும், கொஞ்சம் விறைப்பா இருக்கும், தூரம் வீசுறதுல வித்தியாசம் பெருசா தெரியாது.

எப்படினு சொல்றேன். ஒடைஞ்ச இடத்துல நீட்டு வாக்குல கீறல் ஓடியிருக்கானு நகத்தால தடவிப் பாரு. ஓடியிருந்தா கீறல் முடியுற எடத்துக்குக் கீழ வெட்டணும். கட்டர் வச்சு நறுக்காத, உள்ள குழாய் மாதிரி வெத்தா இருக்கும், நசுங்கிடும். மெல்லிசான அரம் வச்சு சுத்தி சுத்தி அறுக்கணும், தண்ணி தொட்டுத் தொட்டு செய், மாஸ்க் போட்டுக்க, கார்பன் தூசி மூச்சுல போனா நல்லதில்ல, கையில பட்டாலும் அரிக்கும். அப்புறம் அந்த முனையோட குறுக்களவ மில்லிமீட்டர்ல அளந்துக்க, தூண்டில் சாமான் விக்கிற கடையில அதே அளவு டிப் கேளு, விலை ரொம்ப இல்ல. ஒட்டுறதுக்கு சூப்பர் க்ளூ வேணாம். குச்சி மாதிரி வருமே ஹாட் க்ளூ, அதை சூடு பண்ணி ஒட்டு, நாளைக்கு மறுபடி மாத்தணும்னா சூடு காட்டுனா கழண்டு வந்துடும். ஒட்டுன உடனே கண்ணுக்கு நேரா வச்சு மத்த வளையங்களோட ஒரே கோட்டுல இருக்கானு பாத்து திருப்பிக்க, க்ளூ ஆறுறதுக்குள்ள.

இன்னொண்ணு கேக்கணும், அது கார்பனா ஃபைபர்கிளாஸா? உங்க அப்பா காலத்து ராட்னா ஃபைபர்கிளாஸா இருக்கவும் வாய்ப்பிருக்கு, அது கொஞ்சம் அடி தாங்கும். கார்பன் தாங்காது. கார்பன் ராட் வளையுறதுல பலசாலி, பக்கவாட்டுல ஒரு இரும்பு மேல மோதுனா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள அடிபட்டிருக்கும், அப்புறம் ஆறு மாசம் கழிச்சு ஒரு நல்ல மீன் இழுக்கும்போது அந்த எடத்துல படார்னு போகும். எல்லாரும் மீன் ஒடச்சிருச்சும்பாங்க. நான் பாத்த வரைக்கும் பாதி ராட் கார் பூட்லயே ஒடைஞ்சு முடிஞ்சதுதான். நான் முப்பது வருஷமா இந்த ஈஸ்ட் கோஸ்ட் கரையில நிக்கிறேன், வீசும்போது ஒடைஞ்சதவிட கதவுலயும் காத்தாடியிலயும் ஒடைஞ்சத அதிகமா பாத்திருக்கேன். காத்தாடினா வீட்டு சீலிங் ஃபேன்.

அதனால ராட்டுக்கு ஒரு கெட்டியான கூடு வேணும், அதான் முதல் வேலை. கார்ல எங்க வைக்கிறதுங்கிறது ரெண்டாவது.

ஈசூன்_ரைடர்:

வணக்கம்ணே. நான் பைக் ஓட்டுறவன், கார் இல்ல, ஆனா இத படிச்சதும் எழுதாம இருக்க முடியல. தயவு செஞ்சு ஒரு விஷயம் மட்டும் பண்ணாதீங்க, ஜன்னல எறக்கி ராட்ட வெளிய நீட்டிட்டு மட்டும் ஓட்டாதீங்க, சிவப்புத் துணி கட்டியிருக்கேன் போதும்னு நெனைக்காதீங்க. போன வருஷம் விடியக்காலையில வேலைக்குப் போறேன், இன்னும் இருட்டு, முன்னாடி ஒரு கார், பின் ஜன்னல்ல இருந்து ராட் நுனி ஒரு முழம் வெளிய நிக்குது, கறுப்பு ராட், என் லைட் வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியல, சிக்னல்ல மெதுவா பக்கத்துல போய் நிக்கலாம்னு போறேன், கடைசி நிமிஷத்துல வளையத்துல ஒரு மினுக்கு, அதப் பாத்துதான் பிரேக் புடிச்சேன். ஹெல்மெட் கண்ணாடி தூக்கி விட்டிருந்தேன். இன்னும் ஒரு அடி போயிருந்தா கண்ணு. நான் அவருகிட்ட போய் சொன்னேன், பாவம் அவரு பயந்துட்டாரு, உடனே ஓரமா நிறுத்தி உள்ள எடுத்து வச்சாரு, கெட்ட மனுசன் இல்ல, யாரும் சொல்லித் தரலை, அவ்ளோதான்.

பைக்ல நான் எப்படி கொண்டு போறேன்னும் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். முதல்ல ரெண்டு துண்டு 7 அடி ராட்ட முதுகுல குறுக்கால மாட்டிட்டுப் போவேன், ஒரு துண்டு 107 செமீ, தலைக்கு மேல நீட்டிட்டு நிக்கும், தோள்பட்டை பக்கம் வெளிய வரும், லேன் மாறும்போது திரும்பிப் பாத்தா ஹெல்மெட்ல இடிக்கும், அப்ப பக்கத்துல வர்ற வண்டிய சரியா பாக்க முடியல. விழுந்தா முதுகெலும்புக்கு நேரா ஒரு குச்சி. விட்டுட்டேன். இப்ப நாலு துண்டா கழட்டுற 7 அடி ராட் வாங்கிட்டேன், ஒரு துண்டு 60 செமீக்குள்ளதான், ஒரு பையிலயே அடங்கிடுது, லோவர் செலிட்டார், பிடோக் ரிசர்வாயர் (நீர்த்தேக்கம்) எல்லாம் அதுலயே போறேன், அங்க எப்படியும் செயற்கை இரைக்கு மட்டும்தானே அனுமதி, பெரிய ராட் தேவைப்படல.

ஜூரோங்_வெஸ்ட்_கேப்டன்:

கூரை ரேக் பத்தி கேட்டீங்க, நான் சொல்றேன், ஏன்னா நான் ரெண்டு வகையும் வச்சுப் பாத்துட்டேன்.

ஒண்ணு, கப் மாதிரி காத்த உறிஞ்சி ஒட்டிக்கிற ரேக். ஒண்ண பானெட் மேல, ஒண்ண கூரை மேல ஒட்டி, அடிப்பக்கம் பானெட்ல, நுனி பின்னாடி மேல பாத்து நிக்கிற மாதிரி ராட்ட முழுசா பூட்டியபடியே வைக்கலாம். கரையோரமா ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு மெதுவா நகர்றதுக்கு அருமையான சாமான். ஒட்டுற எடம் தண்ணி ஊத்தித் தொடச்சு, உப்பு, மண்ணு ஒண்ணும் இல்லாம இருக்கணும், ஒட்டுனதுக்கு அப்புறம் பம்ப் பட்டன்ல உள்ள கோடு வெளிய தெரிஞ்சா கப்புக்குள்ள காத்து புகுந்துருச்சு, பிடி தளருதுனு அர்த்தம், ஒவ்வொரு தடவை ஏறும்போதும் பாக்கணும். ஆனா எக்ஸ்பிரஸ்வேல 90ல நான் அத நம்ப மாட்டேன். காத்து ராட்ட அதிர வச்சுக்கிட்டே இருக்கும், லாரி பக்கத்துல போனா இன்னும் மோசம், ஒரு கப் கழண்டா பின்னாடி வர்றவன் பைக்கா இருந்தா என்ன ஆகும்னு ரைடர் தம்பி மேல எழுதியிருக்காரே.

அதவிட பெரிய சங்கடம் நம்ம ஊர்ல மல்ட்டி ஸ்டோரி கார்பார்க். என் பிளாக் பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க மீன் பிடிச்சிட்டு தூக்கக் கலக்கத்துல நேரா வீட்டு கார்பார்க்ல ஏறிட்டாரு, நுழையிற எடத்துல தொங்குற உயரக் கம்பியில மூணு ராட்டும் ஒண்ணா போச்சு. அவருக்கு எண்ணூறு வெள்ளிக்கு மேல நஷ்டம். கூரை மேல என்ன வச்சாலும் தரையில இருந்து மொத்த உயரம் எவ்ளோனு அளந்து, ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டி வைங்க, அந்த நம்பரையும் கார்பார்க் போர்டையும் பாத்துட்டு ஏறுங்க.

ரெண்டாவது, பிவிசி குழாய். இப்ப நான் வச்சிருக்கிறது இதுதான், மலேசியாவுல குவாலா ரொம்பின், செடிலி எல்லாம் இதுலதான் போயிட்டு வர்றேன். நாலு இஞ்சு குழாய், உங்க ராட்டவிட ஒரு ஜாண் நீளமா வெட்டிக்கணும். முன் பக்கம் மூடி நிரந்தரமா ஒட்டிடுங்க, பின் பக்கம் திருகு மூடி. இது மாறிடக்கூடாது, திறக்குற பக்கம் முன்னாடி இருந்தா காத்து அழுத்தி அழுத்தி மூடி தளர்ந்துடும், பின்னாடி இருந்தா பிரேக் போடும்போதும் ராட் ஒட்டுன மூடி மேலதான் போய் முட்டும். ரெண்டு பக்க மூடிக்குள்ளயும் ஸ்பாஞ்சு வைங்க. பின் பக்கம் ஒரு விரல் தாழ்வா இருக்குற மாதிரி கட்டி, அடியில ரெண்டு ஓட்டை போட்டு விட்டா மழைத் தண்ணி நிக்காது. கூரைக் கம்பி ரெண்டுலயும் இரும்பு கிளாம்ப் போட்டு முறுக்கி, அதுக்கு மேல ஒரு பட்டை வச்சு இறுக்குங்க, ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு பிடிக்கணும். கம்பி ரெண்டும் ரொம்ப நெருக்கமா இருந்தா குழாய் முனை வெயில்ல நாளாக நாளாக தொய்யும், அதையும் பாத்துக்குங்க. மெர்சிங் ரோட்ல எதிர்ல பெரிய லாரி வந்து காத்து அறைஞ்சாலும் என் குழாய் அசையாது.

செங்காங்_அப்பா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அங்கிள், ராட் போகலனு நீங்க சொன்னதும் பையன்கிட்ட காட்டுனேன், அவனே டேப் எடுத்துட்டு வந்துட்டான். ரைடர் தம்பி, நீங்க சொன்னத படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன், கடவுள் காப்பாத்துனாரு.

ஒரு சந்தேகம். நெட்ல பாத்தா காருக்கு உள்ள கூரையில முன்னாடி பின்னாடி கைப்பிடிக்கு நடுவுல பட்டை கட்டி அதுல ராட்ட தொங்க விடுறாங்களே, அது மலிவாவும் இருக்கு, எடமும் அடைக்கல. அது ஓகேயா?

பட்டறை_காக்கி:

அண்ணே நான் கார் ரிப்பேர் வேலை. இதுக்கு மட்டும் பதில் சொல்றேன். உங்க காரு கதவுக்கு மேல கூரை ஓரமா எஸ்ஆர்எஸ் ஏர்பேக்னு எழுத்து பொறிச்சிருக்கானு பாருங்க. இருந்தா அந்த ஓரத்துக்குள்ள நீளமா ஒரு ஏர்பேக் மடிச்சு வச்சிருக்கு, பக்கவாட்டுல இடி வாங்குனா திரை மாதிரி கீழ எறங்கும், கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது. அந்த கைப்பிடியில பட்டை, கொக்கி, ராட் எல்லாம் கட்டி வச்சிருந்தா ஏர்பேக் சரியா எறங்காது, இல்லாட்டி கட்டி வச்ச சாமானையே உள்ள இருக்குறவங்க மேல வீசிடும். கார் கையேட்டுலயே அங்க கடினமான சாமான் மாட்டாதீங்கனு போட்டிருப்பாங்க, யாரும் படிக்கிறதில்ல.

ஏர்பேக் இல்லாத பழைய வேன்ல, பெரியவங்க மட்டும் போகும்போது கட்டுறவங்க கட்டட்டும். உங்களுக்கு வேணாம். வண்டி 60ல போகும்போது சடன் பிரேக் போட்டா வண்டி நிக்கும், ராட் நிக்காது, அது அதே 60ல முன்னாடி போகும், 6 அடி நீளம், நுனி ரெண்டு மில்லிமீட்டர். பசங்க தலைக்கு மேல அப்படி ஒண்ணு இருக்கவே கூடாது. ஈயத்தையும் கழட்டி பெட்டியில போட்டு மூடுங்க, தூர வீசுறதுக்கு 150 கிராம் ஈயம் போடுவீங்க, அது ராட்ல தொங்கிக்கிட்டு இருந்தா சுத்தியல் மாதிரிதான்.

ஜாஸ்ல ஒரு நல்ல விஷயம், பின் சீட்டு ரெண்டு பாகமா தனித்தனியா மடியும், மடிச்சா தரை சமமா கிடைக்கும். நீங்களும் பெரியவனும் மட்டும் போற நாள்ல ஒரு பாகத்த மடிச்சு, பையன மடிக்காத பக்கம் உக்கார வைங்க. அவன் 1.35 மீட்டர் உயரத்துக்குக் கீழ இருந்தா பூஸ்டர் கட்டாயம், அத மாத்தக்கூடாது. ராட் குழாய பூட் கதவுல இருந்து முன் சீட்டு காலடி வரைக்கும் தரையோட தரையா படுக்க வைங்க, குழாயோட முன் முனை முன் சீட்டு காலடியில மெத்து மாதிரி ஏதாவது வச்சு முட்டி நிக்கணும், நடுவுல சீட் பெல்ட் வளையத்துல ஒரு பட்டை, பூட்ல கொக்கி இருந்தா அதுல ஒரு பட்டை. கியர் பக்கமோ உங்க கால் பக்கமோ உருண்டு வரக்கூடாது, அது ரொம்ப முக்கியம். குடும்பத்தோட நாலு பேரும் போற நாள்ல கேப்டன் சொன்ன மாதிரி கூரை மேல போட்டுடுங்க, உள்ள எடம் தேடாதீங்க.

புங்கோல்_மீனு_அக்கா:

நான் காரும் இல்ல பைக்கும் இல்ல, பஸ், எம்ஆர்டி ரயில்தான். புங்கோல் பாயின்ட், சில நாள் வூட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரன்ட். மடிக்கிற சைக்கிளுக்கு ரயில்ல 120க்கு 70க்கு 40 செமீனு ஒரு அளவு வச்சிருக்காங்க இல்லையா, நான் என் குழாயையும் 120 தாண்டாம வச்சுக்கிட்டேன். மூணு துண்டு 9 அடி ராட், ஒரு துண்டு 95 செமீ கிட்ட வருது. யாருக்கும் இடிக்காது, எஸ்கலேட்டர்ல செங்குத்தா முன்னாடி புடிச்சுக்குவேன்.

தம்பிக்கு ஒண்ணு சொல்லணும், கார்ல இருந்து எறங்குனதுக்கு அப்புறம்தான் பாதி ராட் அடிபடும். கார்பார்க்ல இருந்து ஜெட்டிக்கு நடக்குற பாதையில சைக்கிள் வேகமா வரும், பசங்க கூட இருப்பாங்க, ராட்ட தோள்ல சாய்ச்சு நுனி பின்னாடி ஆடுற மாதிரி நடந்தா நமக்குத் தெரியாது. குழாயிலயே வச்சு எடுத்துட்டுப் போங்க, ஜெட்டி மேல போய் நின்னதுக்கு அப்புறம் பூட்டுங்க. திரும்பும்போதும் அப்படியே, அங்கயே கழட்டி உள்ள வச்சுட்டு நடங்க, எவ்ளோ அசதியா இருந்தாலும். உப்புத் தண்ணி பட்டத ஒரு ஈரத் துணியால தொடச்சுட்டு வச்சா இணைப்பு இறுகி கழட்ட முடியாமப் போகாது. இணைப்புல மெழுகுவத்தி கொஞ்சம் தேய்ச்சு வைங்க, ஆடாது, ஒட்டியும் போகாது. துண்டு ரெண்டையும் குழாய்க்குள்ள ஒண்ணோட ஒண்ணு உரச விடாதீங்க, வளையத்துக்குள்ள இருக்குற செராமிக் விரிசல் விட்டா நூல அறுத்துடும், ஏன் அறுதுனே தெரியாம தவிப்பீங்க. தைக்கத் தெரிஞ்சா பழைய ஃபிளானல் துணியில நீளமா ரெண்டு உறை தைச்சுக்குங்க. நான் எங்க அம்மாவோட பழைய சேலையில தைச்சேன், மூணு வருஷமா உழைக்குது.

மரீன்பரேட்_அங்கிள்:

அக்கா சொன்ன மெழுகு விஷயம் சரியான விஷயம். நான் ஒண்ணு சேத்துக்கிறேன். பசங்களோட போறதால சொல்றேன், வானம் கறுத்தா ராட்ட கையில புடிச்சிட்டு நிக்காத, கார்பன்ல கரண்ட் பாயும், ஜெட்டியில நீதான் உயரமா நிப்ப. கீழ வச்சுட்டு காருக்குள்ள வந்து உக்காரு. விடியக்காலையில சுமத்ரா காத்து, அந்த திடீர் புயல்மழை, வந்தா கால் மணி நேரத்துல எல்லாம் மாறிடும். அதனால ராட்ட சீக்கிரம் கழட்டி சீக்கிரம் உள்ள வைக்கிற மாதிரி ஏற்பாடு இருக்கணும், பத்து கயிறு முடிச்சு போட்டு வைக்காத.

செங்காங்_அப்பா:

ரெண்டு வாரம் கழிச்சு எழுதுறேன். ஹார்டுவேர் கடையில நாலு இஞ்சு குழாய் வாங்கி 2 மீட்டருக்கு வெட்டிட்டு வந்தேன். முன் மூடிய ஒட்டும்போது பையன் கூடவே உக்காந்து ஸ்பாஞ்சு வெட்டிக் குடுத்தான், வீட்டம்மா எங்க அப்பாவோட பழைய கைலியில உறை தைச்சாங்க, யாரும் கேக்காமலே அவங்களா எடுத்து தைச்சது. காக்கி அண்ணன் சொன்ன மாதிரி கதவுக்கு மேல பாத்தேன், ஏர்பேக் எழுத்து இருக்கு, அதனால தரையோட தரையாதான். முன் முனைக்கு ஒரு பழைய தலைகாணி, நடுவுல ஒரு பட்டை, பூட்ல ஒரு பட்டை. கார்பார்க்லயே நாலஞ்சு தடவை முன்னாடி பின்னாடி ஓட்டி பிரேக் போட்டுப் பாத்தேன், அசையல.

டிப் ஒட்டுறதுதான் கொஞ்சம் பயமா இருந்துச்சு. ராட் ஃபைபர்கிளாஸ்தான் அங்கிள், நீங்க நெனச்சது சரி. மொனை அளந்தா 2.4 மிமீ வந்துச்சு. போன சனிக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்கு நானும் பெரியவனும் போனோம். தாத்தா எங்க உக்காருவாருனு கேட்டான், எனக்கு சரியா ஞாபகம் இல்ல, பாதி தூரத்துல இடது பக்கம்னு நெனைக்கிறேன்னு சொன்னேன், அங்கயே நின்னோம். ஒரு சின்ன கெளுத்தி, திருப்பி விட்டுட்டோம். வீட்டுக்கு வரும்போது குழாய் மேல கை வச்சுக்கிட்டே தூங்கிட்டான்.

ஆனா வீசும்போது நூல் டிப்ல லேசா உரசுற மாதிரி சத்தம் கேக்குது, ஒட்டுனது கொஞ்சம் திரும்பி இருக்கோ?

மரீன்பரேட்_அங்கிள்:

ஆமாப்பா திரும்பியிருக்கும், அதுக்குத்தான் ஹாட் க்ளூ. லைட்டர காட்டாத, கொதிக்கிற தண்ணியில டிப்ப மட்டும் கொஞ்ச நேரம் முக்கு, எளகும், நேராக்கிட்டு அப்படியே புடி ஆறுற வரைக்கும். வர்ற சனிக்கிழமை நானும் ஜெட்டியில இருப்பேன், எங்கிட்ட 2.4ல ஒரு டிப் சும்மா கிடக்கு, அதையும் எடுத்துட்டு வரேன்.